ரெஜிபோம் விமானமும் சந்தேகக் கண்களும்

குருநாகலிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-6 நெடுஞ்சாலையில் பயணம் செய்தவர்களுக்குக் கலேவெல என்னும் சிறுநகரம் நினைவிலிருக்கும். மாத்தளை மாவட்டத்தைச் சேர்ந்ததெனினும் மலைநாட்டின் சாயல் அதற்கு இல்லை. வயலும் குளமும் வெயிலும் நிறைந்த உலர்வலயத்து ஊர் அது. பத்திரிகைத் தொழிலில் என்னோடு நீண்டகாலம் பழகிய முன்னாள் பிராந்திய நிருபர் ஒருவர் அங்கு வசிக்கின்றார். சென்ற மார்ச் மாதத்தில் அவரைக் காணச் சென்றிருந்தேன். அரசியல் பேசச் சென்ற நான் விமானம் பார்த்துத் திரும்பினேன். அதைப் பற்றியே இன்று எழுத வேண்டியிருக்கின்றது.

நண்பரின் பேரன் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவன். வீட்டின் பின்விறாந்தையில் பழைய மேசையொன்றைப் போட்டு, அதன்மேல் ஒரு விமானத்தை உருவாக்கியிருந்தான். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை தொண்ணூறு சென்ரிமீற்றர். முழுவதும் ரெஜிபோம். கலியாண மேடைகளில் மணமக்களின் பெயரை வெட்டி ஒட்டுவதற்கும், தொலைக்காட்சிப் பெட்டி உடையாமலிருக்க அதைச் சுற்றி அடைப்பதற்கும் பயன்படும் அதே வெள்ளை ரெஜிபோம்தான். கையிலெடுத்துப் பார்த்தேன். ஒரு கனமான நூலைத் தூக்குவதிலும் எளிதாக இருந்தது.

“எல்லாமாக நானூற்றிருபது கிராம், சேர். இதில் ரெஜிபோம் நூற்றெழுபது கிராம்தான். மற்றதெல்லாம் சாமான்” என்றான்.

சாமான் என்று அவன் சொன்னவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினான். மூக்கில் ஐம்பது கிராம் நிறையுள்ள மோட்டார். அதற்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு கட்டுப்படுத்தி. ஒவ்வொன்றும் ஒன்பது கிராம் நிறையுள்ள நான்கு சேர்வோக்கள். இவை வானொலி மூலம் வரும் கட்டளைக்கேற்பச் சிறு கம்பிகளை இழுத்தும் தள்ளியும் இறக்கையின் மடல்களையும் வாலையும் அசைப்பவை. பத்துக் கிராம் அளவிலான வாங்கிக் கருவி. நூற்றுப்பத்துக் கிராம் நிறையுள்ள லித்தியம் பொலிமர் பற்றரி. எஞ்சியது காற்றாடியும் வயர்களும். மோட்டார் முழு வேகத்தில் சுழலும்போது ஏறத்தாழ எழுநூற்றைம்பது கிராம் உந்துவிசை கிடைக்கும் என்றான். அதாவது விமானத்தின் நிறையைவிட அதன் இழுவிசை அதிகம். மூக்கு வானத்தைப் பார்க்க, வால் நிலத்தைப் பார்க்க, காற்றாடியில் தொங்கியபடி அந்தரத்தில் நிற்க அதனால் முடிவது இந்தக் கணக்கினால்தான்.

இது சாகச விமானம். பயணிகள் விமானத்தின் இறக்கை மேற்புறம் வளைந்தும் கீழ்ப்புறம் தட்டையாகவும் இருப்பதை நாம் பாடப்புத்தகப் படங்களில் பார்த்திருக்கிறோம். இவனுடைய விமானத்தின் இறக்கையோ இரு புறமும் ஒன்றுபோல் தட்டையான பலகை. இது எப்படிப் பறக்கும் என்று நான் கேட்டேன். காற்றைச் சற்றுச் சாய்வாக எதிர்கொண்டால் பலகையும் பறக்கும் என்றும், இரு புறமும் ஒன்றாக இருப்பதனால்தான் தலைகீழாகவும் அதே மாதிரிப் பறக்கின்றது என்றும் விளக்கினான். இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடல்கள் வழமையானவற்றைவிடப் பெரியவை. நாற்பது பாகைவரை மேலும் கீழும் திரும்பக்கூடியவை. காற்றாடி பின்னோக்கித் தள்ளும் காற்று வாலின் மீது நேரே மோதுகின்றது. எனவே விமானம் முன்னோக்கி நகராமல் நின்றாலும் வால் தன் வேலையைச் செய்கின்றது. உயர்தரப் பௌதிகவியலில் விசைகளின் சமநிலை பற்றி ஆயிரம் வினாக்களுக்கு விடை எழுதியவன் அவன். ஆனால் அந்தச் சமநிலை கையில் தட்டுப்பட்டது இந்த மேசையில்தான் என்றான்.

எந்தப் பொருளும் எளிதில் கிடைத்துவிடவில்லை. முதலில் வெட்டிய இறக்கையை, சப்பாத்துக்காரர் பயன்படுத்தும் பசையால் ஒட்டினானாம். ஒட்டிய இடத்தில் ரெஜிபோம் கரைந்து குழியாகிவிட்டது. பெற்றோலும் தின்னரும் அந்தவகைப் பசையும் ரெஜிபோமைத் தின்றுவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது. பின்னர் இருபகுதி எப்பொக்சிப் பசையைப் பயன்படுத்தினான். அது காயப் பொறுமை வேண்டும். இறக்கை மடிந்துவிடாதிருக்க மூங்கில் சிம்பைச் செதுக்கிப் பதித்தான். பின்னர் அதை எடுத்துவிட்டு மூன்று மில்லிமீற்றர் காபன் கம்பியை வைத்தான். மடல்களுக்குக் கீல் கிடையாது. பொதி ஒட்டும் தெளிந்த நாடாவே கீல். ரெஜிபோமை நேராக வெட்டுவதற்கு, பழைய மின்சூடாக்கியொன்றின் கம்பியை ஒரு வில்லில் கட்டி மின்பாய்ச்சிச் சூடேற்றிக்கொண்டான்.

ஆக, ரெஜிபோமும் பசையும் உள்ளூரில் கிடைத்தன. மற்றவை கடல் கடந்து வரவேண்டும். வானொலிக் கருவிகளைத் தருவிப்பதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. இவ்வகைப் பற்றரிகள் தீப்பற்றக்கூடியவை என்பதால், 2016 ஏப்ரல் முதல் அவற்றைத் தனிச் சரக்காகப் பயணிகள் விமானங்களில் அனுப்புவது சர்வதேச ரீதியில் தடைசெய்யப்பட்டிருக்கின்றது. 2022இல் ஒரு சில வாரங்களுக்குள் டொலரின் பெறுமதி இருநூறு ரூபா அளவிலிருந்து முந்நூற்றறுபது ரூபா அளவுக்குத் தாவியதை நாமெல்லாம் அனுபவித்தோம். கலேவெல இளைஞனின் மோட்டாரும் சேர்வோவும் அந்தத் தாவலின் பின்னர் வாங்கப்பட்டவை. விடுமுறை நாட்களில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்து சேர்த்த பணம்.

அன்று மாலை அறுவடை முடிந்த வயலுக்குச் சென்றோம். பறக்கவிடுமுன் இரண்டு விரல்களை இறக்கையின் கீழே வைத்து விமானத்தைத் தூக்கிப் பார்த்தான். இருபத்தைந்து சென்ரிமீற்றர் அகலமான இறக்கையில், முன்விளிம்பிலிருந்து ஏழு சென்ரிமீற்றர் அளவில் நிறை மையம் அமைய வேண்டும். மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகும். வால் கனத்தால் கைக்கு அடங்காது. பற்றரியைச் சற்று முன்னே நகர்த்திச் சரிசெய்தான். பின்னர் என் நண்பர் அதை எறிந்தார்.

விமானம் எழுந்தது. இடதுபுறம் சற்றுச் சாய்ந்தது. அதை நிமிர்த்த அவன் வலதுபுறம் கட்டளை கொடுத்தான். விமானம் இன்னும் இடதுபுறமே சாய்ந்து, புரண்டு, வைக்கோல் தாள்களுக்கிடையே மூக்குக் குத்தியது. மொத்தம் நான்கு விநாடிகள் இருக்கலாம்.

அவன் கோபப்படவுமில்லை, யாரையும் நொந்துகொள்ளவுமில்லை. கருவியை இயக்கி மடல்களைப் பார்த்தான். வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறியிருந்தது. புறப்படுமுன் மடல்கள் அசைகின்றனவா என்று பார்த்தவன், எந்தப் பக்கம் அசைகின்றன என்று பார்க்கவில்லை. “பிழை என்னுடையதுதான், சேர்” என்றான். முறிந்த மூக்கை ஒட்டி, நாடா சுற்றி, அரைமணி நேரத்தில் மீண்டும் பறக்கவிட்டான். இம்முறை ஆறு நிமிடங்கள் பறந்தது. வட்டமிட்டது, தலைகீழாகச் சென்றது, ஒரு கட்டத்தில் அந்த வெள்ளை ரெஜிபோம் துண்டு மாலை வெயிலில் செங்குத்தாக நின்று மெல்ல நடுங்கியது. வயல் வரம்பில் சிங்களச் சிறுவர்களும் முஸ்லிம் சிறுவர்களுமாகப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

நாற்பது ஆண்டுகளாகக் கல்விச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வந்தவன் நான். பாடத்திட்டச் சீர்திருத்தம் பற்றி எத்தனையோ அமைச்சர்களின் உரைகளை அச்சேற்றியிருக்கிறேன். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் ஆரம்பிக்கப்பட்டபோது, இனி நம் பிள்ளைகள் கையால் செய்து கற்பார்கள் என்று நானே ஆசிரியத் தலையங்கம் எழுதியதுண்டு. ஆனால் ஒரு மாணவன் தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, தானே ஒப்புக்கொண்டு, தானே திருத்தி, திருத்தம் சரியா என்று அந்த மாலையிலேயே அறிந்துகொள்வதை நான் கண்ணால் கண்டது அந்த வயலில்தான். நமது பரீட்சைகளில் பிழை என்பது புள்ளி இழப்பு. விடைத்தாள் திரும்பி வருவதுமில்லை. எங்கே பிழைத்தோம் என்று அறியாமலே ஒரு தலைமுறை பல்கலைக்கழக வாசலில் தரம்பிரிக்கப்படுகின்றது.

கதை இவ்வளவில் முடிந்திருந்தால் இதை ஒரு நல்ல மாலைப் பொழுதின் நினைவாக எழுதி முடித்திருப்பேன். ஒரு வாரம் கழித்து நண்பர் தொலைபேசியில் அழைத்தார். சீருடையணிந்த இருவர் வீட்டுக்கு வந்திருக்கின்றனர். எந்தப் பிரிவினர் என்பது இங்கு முக்கியமன்று. மரியாதையாகவே பேசினார்களாம். விமானத்தைப் படமெடுத்து, இளைஞனின் அடையாள அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அனுமதி பெறும்வரை பறக்கவிட வேண்டாம் என்று சொல்லிச் சென்றிருக்கின்றனர். எந்த அனுமதி, யாரிடம், எந்தப் படிவத்தில் என்று கேட்டதற்கு அவர்களுக்கும் விடை தெரியவில்லை. பேரனைவிடப் பேரனின் தாய்தான் அதிகம் பயந்துபோயிருக்கிறார். இனி இந்த வேலை வேண்டாம் என்று அவர் அழுததாக நண்பர் சொன்னார்.

அந்தத் தாயின் பயம் காரணமற்றதல்ல. வந்தவர்களின் சந்தேகமும் காரணமற்றதல்ல. 2007 மார்ச் 26ஆம் திகதி அதிகாலையில் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மீது விடுதலைப் புலிகளின் இலகுரக விமானங்கள் குண்டு வீசிய செய்தி வந்தபோது நான் இரவுப் பணியில் இருந்தேன். அச்சுக்குப் போயிருந்த முதற் பக்கத்தை நிறுத்தினோம். அந்த ஆண்டிலிருந்து போர் முடியும்வரை, வானத்தில் சிறு இரைச்சல் கேட்டாலும் தலைநகரம் இருளில் மூழ்கியது. பத்தாண்டுகள் கழித்து, 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களை அடுத்து, ஆளில்லா விமானங்கள் அனைத்தையும் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை தடைவிதித்தது. அந்தத் தடை பின்னர் தளர்த்தப்பட்டது. ஆனால் முஸ்லிம் வீடுகளில் சமையலறைக் கத்தியையும் எண்ணிப் பார்த்த நாட்களை அந்த வீட்டார் மறந்துவிடவில்லை. வானத்தைப் பார்த்தும் அண்டை வீட்டைப் பார்த்தும் பயப்படப் பழக்கப்பட்ட நாடு இது. தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளையின் கையில் பறக்கும் பொருளொன்று இருந்தால், அந்தப் பயம் இருமடங்காகின்றது என்பதை நாசூக்காக மறைப்பதில் பயனில்லை.

ரெஜிபோம்தானே, இதனால் என்ன தீங்கு என்று கேட்டு இந்த வாதத்தை எளிதில் முடித்துவிடவும் நான் விரும்பவில்லை. அவுஸ்திரேலிய நிறுவனமொன்று மெழுகு பூசிய காட்போட் மட்டையால் செய்த ஆளில்லா விமானங்கள் உக்ரேனியப் போரில் பயன்படுத்தப்படுவதை 2023இல் உலகம் அறிந்தது. மலிவான பொருளும் ஆயுதமாகலாம். போர் வேண்டாம், விபத்து போதும். மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் வரும் நானூறு கிராம் பொருள் ஒரு குழந்தையின் முகத்தில் பட்டால் என்னாகும்? சுழலும் காற்றாடி விரலை வெட்டும். பழுதான பற்றரி வீட்டைக் கொளுத்தும். கலேவெலவிலிருந்து சீகிரிய விமானப்படைத் தளமும் வெகு தொலைவில் இல்லை. ஆகவே கட்டுப்பாடு வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

எனது கேள்வி வேறு. புகைப்படக் கருவி பொருத்தி, கண்ணுக்கெட்டாத தூரம் தானாகவே சென்று திரும்பும் ட்ரோனும், கண்ணெதிரே வயலுக்குள் சுற்றிவரும் கைவேலை விமானமும் ஒன்றா? முன்னதைக் காசிருந்தால் யாரும் வாங்கிப் பறக்கவிடலாம், கணினி பார்த்துக்கொள்ளும். பின்னது கையெடுத்தால் விழுந்துவிடும். பறக்கவிடுபவனின் கண்பார்வையைத் தாண்டி அதற்கு வாழ்வில்லை. அதில் கமராவும் இல்லை, வழிகாட்டும் கருவியும் இல்லை. எனினும் வாசலில் வந்து நிற்கும் அதிகாரியின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அது அவருடைய குற்றமன்று. வேறுபாட்டை அவருக்கு எளிய மொழியில், ஒரு பக்கத் துண்டறிக்கையாகவேனும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதே குற்றம்.

மற்ற நாடுகள் இந்த வேறுபாட்டைச் சட்டத்திலேயே எழுதியிருக்கின்றன. இந்தியாவும் பயங்கரவாதத்தை அறியாத நாடல்ல. ஆனால் 2021 ஓகஸ்டில் அறிவிக்கப்பட்ட அதன் ட்ரோன் விதிகள், கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பொழுதுபோக்குக்கும் பார்வை எல்லைக்குள் பறக்கவிடப்படும் மாதிரி விமானத்தைத் தனியாக வரையறுக்கின்றன. 250 கிராமுக்கு மேற்படாத மிகச் சிறியவற்றையும், வர்த்தக நோக்கமின்றிப் பறக்கவிடப்படும் இரண்டு கிலோகிராம் வரையானவற்றையும் இயக்குவதற்கு விமானி அனுமதிப்பத்திரம் தேவையில்லை. அமெரிக்கா வேறொரு வழியைக் கண்டது. பறக்கும்போதே தன் அடையாளத்தை ஒலிபரப்பும் கருவி ஆளில்லா விமானங்களில் இருக்க வேண்டுமென்ற விதியை அது 2024 மார்ச் முதல் முழுமையாக நடைமுறைப்படுத்துகின்றது. ஆனால் மாதிரி விமானக் கழகங்களும் கல்வி நிறுவனங்களும் விண்ணப்பித்துப் பெற்ற அங்கீகரிக்கப்பட்ட மைதானங்களுக்குள் அந்தக் கருவியின்றியே பறக்கலாம். 1937இல் அமெரிக்கத் தேசிய போட்டியில் வானொலியால் இயங்கும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டவர்கள் வோல்டர் குட், வில்லியம் குட் என்னும் சகோதரர்கள். அவர்கள் வீட்டில் செய்த அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் விமான நூதனசாலையில் இருக்கின்றது. பொழுதுபோக்கின் பெறுமதியை அறிந்த நாடு அதற்கு ஒரு மைதானத்தை ஒதுக்குவதில் வியப்பில்லை.

நமக்கு அந்த மரபு இல்லையென்று யாரும் சொல்ல வேண்டாம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கு, நிறைக்கும் காற்றுக்கும் இடையிலான கணக்கு நம் இளைஞர்களின் கைகளில் எவ்வளவு காலமாக இருந்து வருகின்றது என்பது தெரியும். தெற்கிலே, 2010இல் மறைந்த பொறியியலாளர் ரே விஜேவர்தன தாமே இலகுரக விமானங்களை உருவாக்கித் தாமே ஓட்டினார். உலகறிந்த இரு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவரும் அவரே. வயலில் உழுவதையும் வானில் பறப்பதையும் ஒரே மனம் யோசித்தது. கடலுக்கு அப்பால், இராமேஸ்வரத்துச் சிறுவன் அப்துல் கலாம் விமானப் பொறியியலைத் தேர்ந்தெடுத்தது சென்னை எம்.ஐ.டி. வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் என்று அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே கல்வி நிறுவனத்தின் தக்‌ஷா மாணவர் குழுவுக்கு 2018இல் ஆலோசகராக இருந்தவர், மாதிரி விமானங்களில் நீண்டகால ஈடுபாடு கொண்ட நடிகர் அஜித்குமார். ஒரு பொருளைக் கண்ணால் கண்டு கையால் தொட்ட பின்னரே பிள்ளைக்குக் கனவு வருகின்றது. கலேவெல வரம்பில் நின்ற பதினைந்து சிறுவர்களில் எத்தனை பேருக்கு அன்றிரவு அப்படியொரு கனவு வந்திருக்கும்?

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டமன்று. முதலாவது, பார்வை எல்லைக்குள் பறக்கும், கமரா இல்லாத, நிறை குறைந்த கைவேலை விமானங்களுக்குத் தனியானதும் எளிதானதுமான பதிவு முறை, மும்மொழிப் படிவம், அதைப் பிரதேச செயலகத்திலேயே கொடுத்துப் பெறும் வசதி. இரண்டாவது, ஒவ்வொரு கல்வி வலயத்திலும் ஒரு மைதானம், வாரத்தில் ஒரு பிற்பகல், பொறுப்பாக ஓர் ஆசிரியர். அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு முன்னறிவித்தல் கொடுத்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமேது? மூன்றாவது, பாடசாலைத் தொழினுட்பக் கூடங்களுக்கு மோட்டார், சேர்வோ, வானொலிக் கருவி ஆகியவற்றைக் கல்வித் துறையே மொத்தமாகத் தருவித்துக் கொடுத்தல். ஒரு வானொலிக் கருவியைக் கொண்டு ஒரு வகுப்பே மாறிமாறிப் பழகலாம். ரெஜிபோமை ஊரிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. தெருவுக்கும் மின்கம்பிக்கும் மனிதர்களுக்கும் மேலே பறக்கவிடக் கூடாது. விமானத்தின்மேல் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிவையுங்கள்; மறைப்பதற்கு ஏதுமில்லை என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை. மேசையில் வைத்துப் பரிசோதிக்கும்போது காற்றாடியைக் கழற்றிவிடுங்கள். பற்றரியைப் பக்கத்தில் இருந்துகொண்டே மின்னேற்றுங்கள். வீங்கிய பற்றரியைப் பயன்படுத்தாதீர்கள். பறக்கவிடுமுன், மடல்கள் அசைகின்றனவா என்பதோடு, எந்தப் பக்கம் அசைகின்றன என்பதையும் பாருங்கள்.

இதை எழுதுமுன் நண்பரோடு பேசினேன். பேரன் கொழும்புக்கு ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பியிருக்கின்றான். பதில் வரவில்லை. இதற்கிடையில் சிறுபோகத்துக்கு நீர் திறந்து வயலில் நாற்று நட்டுவிட்டார்கள். இனி அறுவடைவரை அங்கு இடமில்லை. விமானம் விறாந்தைக் கூரை வளையில் கயிற்றில் தொங்குகின்றது. தாய் அதை எடுத்தெறியச் சொல்லவில்லை. பல்லி எச்சம் படாதிருக்கப் பழைய சேலைத் துண்டொன்றால் மூடி வைத்திருக்கிறாராம்.